மலிவுத் துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய்

டுவாட்டாபெரி,
மார்ச் 9

அன்பு நண்பன் டூகலுக்கு,

லெஸ் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரி நோலின் வேறு மாதிரி ஏதாவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். மகள் வீட்டில் பிரிஸ்பேன் வெயில் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே தெற்குக் கோடியில் கோடை முடிந்து, காலையில் புல்லில் பனி விழ ஆரம்பித்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் கலைமான்கள் இணை தேடிக் கத்தத் தொடங்கிவிடும்.

வேட்டைக்கு வருகிறாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இருந்த துப்பாக்கிகளையெல்லாம் விற்றுவிட்டுப் போனவன் நீ. இப்போது வந்து இறங்கியதும் மலிவாக ஒன்று வாங்கலாமா, விலை இவ்வளவு ஏறிய பிறகும் கொடுக்கிற காசுக்கு அது தகுமா என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய், பட்டவன் நான்.

போன வருஷம் என் பழைய துப்பாக்கி குறி தப்ப ஆரம்பித்தது உனக்குத் தெரியும். குழல் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, கிறிஸ்துமஸுக்கு முன்னால் நம் ஊர்த் துப்பாக்கிக் கடைக்காரன் க்ரெய்க்கிடம் அதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒரு மலிவு ரகம் வாங்கினேன். நீ இங்கே இருந்த காலத்தில் மேலே மாட்டும் தொலைநோக்கியும் சேர்த்து எழுநூறு டாலருக்குக் கிடைத்த அதே சாமான், இப்போது ஆயிரத்து இருநூறு. இன்னும் முன்னூறு போட்டால் ஒழுங்கான துப்பாக்கியே வந்துவிடும். அப்புறம் இதற்கு எதற்கு மலிவு என்று பேர்? விலை ஏறட்டும், எல்லாம்தான் ஏறுகிறது. ஆனால் விலை ஏற ஏறச் சரக்கு இறங்குகிறதே. கட்டை பிளாஸ்டிக், தோட்டா போடும் பெட்டி பிளாஸ்டிக், விசையைச் சுற்றியிருக்கும் வளையம்கூடப் பிளாஸ்டிக். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைப் பின்னால் இழுத்தால் சரளையில் மண்வெட்டி இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். இதையெல்லாம் சொன்னால் க்ரெய்க் சிரிக்கிறான். "லெஸ், கறிக்குத்தானே சுடப்போற, கண்காட்சியிலயா வைக்கப்போற? குழல் நல்ல குழல்யா. நீ குடுத்த காசு அதுக்குத்தான்" என்றான். கடைக்காரன் சிரித்துக்கொண்டே பேசினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கல்குவாரிக்குக் கொண்டுபோய், நூறு மீட்டர் தள்ளி அட்டை வைத்துச் சுட்டேன். ஒன்று மேலே போனது, ஒன்று கீழே, மூன்றாவது அட்டையிலேயே இல்லை. தொலைநோக்கியில் வேறு புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. கடைக்குத் திரும்பக் கொண்டுபோனேன். மறுபேச்சில்லாமல் வேறொரு தொலைநோக்கி மாட்டிக் கொடுத்தான். சண்டை போடாமல் மாற்றித் தருகிறான் என்றால் கோளாறு அவனுக்கு முன்பே தெரியும் என்றுதானே அர்த்தம்? மாற்றியதிலும் அதே மங்கல். இரண்டும் ஒரே தொழிற்சாலைச் சரக்கு போலிருக்கிறது. இப்போது எவன் ஒழுங்காகக் கண்ணாடி செய்கிறான்? எங்கள் சமையலறையில் நோலின் மாட்டிய புது பல்பைச் சுற்றிக்கூட ஒரு வளையம் தெரிகிறது.

அடுத்த ஞாயிறு க்ரெய்க்கே குவாரிக்கு வந்தான். என் துப்பாக்கியை வாங்கி மூன்று முறை சுட்டான். அட்டையை எடுத்துவந்து, மூன்று ஓட்டைகளையும் ஒரே நாணயத்தால் மூடிக் காட்டினான். தோட்டா அவன் பையிலிருந்து வந்ததை நான் கவனிக்காமல் இல்லை. என் தோட்டாக்களைக் கொடுத்தேன். அதிலும் அப்படியே. சரி, அவனுக்கு அதுதான் பிழைப்பு என்று விட்டுவிட்டேன். பிறகு நோலின், "குடு இப்படி, நானும் ஒண்ணு போட்டுப் பாக்குறேன்" என்றாள். பிள்ளைகள் பிறந்த பிறகு துப்பாக்கியைத் தொடாதவள். அவள் சுட்டது நட்டநடுவில் போய் விழுந்தது. அவளும் க்ரெய்க்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது, "துப்பாக்கி பாவம் லெஸ், அத ஏன் திட்டிக்கிட்டே இருக்க" என்றாள். வண்டியை அவள்தான் ஓட்டினாள். இப்போதெல்லாம் நான் கை நீட்டுவதற்குள் சாவி அவளிடம் போய்விடுகிறது. க்ரெய்க்கோடு போனில் குசுகுசுவென்று பேசுகிறாள். நான் உள்ளே வந்தால் பேச்சு சாசேஜ் விலைக்கு மாறுகிறது. போன வாரம், இன்வர்கார்கில் நகரத்தில் கண் டாக்டரிடம் எனக்கு நாள் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். கத்திவிட்டேன். துப்பாக்கிக் கோளாறுக்குக் கண் டாக்டர் என்ன செய்வான் என்று கேட்டேன்.

இதுவரை எழுதியது முந்தாநாள். மலிவுத் துப்பாக்கி பக்கமே போகாதே, யாரிடமாவது பழையது கிடைத்தால் பார் என்று முடிக்க இருந்தேன். நேற்று நடந்ததைச் சொல்லாமல் இனி அப்படி முடிக்க முடியாது.

நேற்றுச் சாயங்காலம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஆற்றோரப் புல்வெளிக்குப் போனேன். முள்புதர் ஓரத்தில் பழுப்பாக ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் நகரும், மறுபடி குனியும். பெட்டைமான். படுத்துக் குறி பார்த்தேன். அந்த மங்கல் இருந்தது, ஆனால் உருவம் தெரிந்தது. பாதுகாப்புப் பூட்டை விலக்கி விரலை விசைமேல் வைத்தேன். அது முதுகைக் காட்டி நின்றது. என் பழைய துப்பாக்கியாக இருந்தால் கழுத்தைப் பார்த்துச் சுட்டிருப்பேன். நான் அப்படிச் சுட்டதை எத்தனையோ தடவை நீ பார்த்திருக்கிறாய். இந்தச் சனியனை நம்பிச் சுட முடியாது, பக்கவாட்டில் திரும்பி அகலமாகக் காட்டட்டும் என்று காத்திருந்தேன்.

அது திரும்பவில்லை. நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தது. இன்னொரு கையில் வாளி இருந்தது. நோலின், டூகல். அந்தப் பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு காளான் பறித்துக்கொண்டிருந்தாள்.

போல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வீட்டுப் பக்கம் போய்விட்டாள். அந்தக் காளானை வெண்ணெயில் வதக்கி ரொட்டிமேல் வைத்துத் தந்தாள். "என்ன, பிடிக்கலயா?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து அவள் முகத்தைப் பார்த்தேன், அதுவே எனக்குத் தெளிவாக இல்லை. பயமாக இருக்கிறது, டூகல். அவளிடம் சொல்ல என்னால் முடியாது. யாரிடமும் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நான் அந்தத் துப்பாக்கியை நம்பவில்லை, அதனால் என் பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாள். அது ஆயிரத்து இருநூறு டாலருக்குத் தகுமா என்று என்னைக் கேட்காதே.

இன்று காலை போல்ட்டை மட்டும் க்ரெய்க் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன், அது இல்லாமல் துப்பாக்கி சுடாது. டூகல் வந்தால் அவன் கையில் கொடு, நான் கேட்டால் கொடுக்காதே என்றேன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "சரி லெஸ்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டான். மூன்று மாதமாக அவனைத் திருடன் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்.

உன் டிக்கெட்டைக் கொஞ்சம் முன்னால் மாற்றிக்கொள்ள முடியுமா பார். டாக்டரிடம் போகும் நாள் இருபதாம் தேதி. நோலின் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் எல்லாவற்றையும் உளறிவிடுவேன், அதனால் நீ என்னோடு வர வேண்டும். வரும்போது அவளுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வா. உனக்கே தோன்றி வாங்கியதாகச் சொல், நான் கேட்டதாகச் சொல்லாதே. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். புதிதாகத் துப்பாக்கி எதுவும் வாங்க வேண்டாம், என்னுடையதை எடுத்துக்கொள். அது நேராகத்தான் சுடுகிறது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
லெஸ்