இரண்டு மணிச் சங்கு

அரியலூர்,
12.02.2025, புதன்கிழமை.

அன்புள்ள இலக்கியா அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். இடுப்பு வலிக்கு அங்கே கொடுத்த மாத்திரை கேட்கிறதா? கேட்கவில்லையென்றால் தைலம் வாங்கி அனுப்புகிறேன்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நம் மகள் பெயரை எடுத்ததும் நீங்கள் "அப்புறம், அங்க மழை கிழை உண்டா?" என்று கேட்டுவிடுகிறீர்கள். இந்த இரண்டு வருடத்தில் அரியலூர் மழையைப் பற்றி நாம் பேசிய அளவுக்கு வானிலை ஆய்வு மையத்தில்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். காகிதத்தில் நீங்கள் பேச்சை மாற்ற முடியாது. எதிர் வீட்டு ஆண்டாயி அக்காவின் மருமகன் ஜெயப்பிரகாஷ் விடுப்பு முடிந்து நாளை திருச்சியில் சிங்கப்பூர் விமானம் ஏறுகிறார். அவரிடம் கடிதத்தையும் ஒரு கிலோ முந்திரியையும் கொடுத்தனுப்புகிறேன்.

உறைக்குள் ஒரு நுழைவுச் சீட்டு இருக்கும். இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு நம் மகளின் 'காளவாய்' இசைக்குழு சிங்கப்பூரில் வாசிக்கிறது. நீங்கள் தங்கியிருக்கும் இடத்திலிருந்து ஒரே ரயில்தான் என்று இலக்கியா பார்த்து வைத்திருக்கிறாள். இதைக் கிழித்துப் போடுவதென்றால் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு கிழியுங்கள்.

முதலில் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. 2022 நவம்பரில் அவள் இந்தக் குழுவுக்காகச் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து நின்றபோது நீங்கள் போனில் அவளிடம் சொன்னீர்கள்: "வேலைக்குப் போற வரைக்கும் எங்கிட்ட பேசாத." அந்த வாக்கியம் உங்களுடையதல்ல. நான்தான் முதல் நாள் இரவு உங்களிடம் அப்படிச் சொல்லச் சொன்னேன். அப்பா சொன்னால் பயந்து இரண்டே வாரத்தில் திரும்பிப் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டேன். புள்ளியியல் பாடம் நடத்துகிறவள் போட்ட கணக்கு அது. அவள் பயப்படவில்லை. நீங்களும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. உங்கள் இரண்டு பேரின் குணத்தையும் இருபத்தைந்து வருடமாகப் பார்த்தவள் நான், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சென்ற வருடம் விடுப்பில் வந்தபோது அவள் அறைக் கதவை ஒரு முறைகூட நீங்கள் திறக்கவில்லை. நானும் திறங்கள் என்று சொல்லவில்லை.

என்னுடைய எதிர்ப்பு உங்களுக்குத் தெரியும். பெரம்பலூரில் பொறியியல் படிக்கும்போது ஆண்டு விழாவுக்காக மூன்று பேர் சேர்ந்தார்கள். பாடுவதற்கு அறிவரசன், கிதாருக்கு பாலாஜி, டிரம்ஸுக்கு நம் பெண். குழுவுக்குக் காளவாய் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்றபோது, சுண்ணாம்பு சுடுவதற்கு ஆள் எடுக்கிறீர்களா என்று கேட்டேன். யூடியூபில் நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று அவள் சொன்னபோது, நாற்பதாயிரம் முறை பார்க்கப்பட்டிருக்கிறது, எத்தனை பேர் என்பது வேறு விஷயம் என்று திருத்தினேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எண்ணிக்கை சொல்வதை நிறுத்திவிட்டாள்.

எண்ணிக்கை எனக்கு வேறு வழியில் வரத் தொடங்கியது. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிற பையன் ஒருவன், நோட்டு அட்டையில் காளவாய் என்று எழுதி அதைச் சுற்றித் தீ வரைந்திருந்தான். கோயம்புத்தூர், மதுரை, சென்னை என்று கல்லூரிக் கல்லூரியாகக் கூப்பிட்டார்கள். போன வருடம் ஜூன் மாதம் 'ரெண்டு மணி' என்ற பாட்டை வெளியிட்டார்கள். அது உங்களுக்குத் தெரியும். உங்கள் அறையில் இருக்கும் திருவாரூர்க்காரர் அதை வைத்ததாகவும், நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டதாகவும் ஜெயப்பிரகாஷ் சொன்னார். வெளியே போனவர் பாட்டு முடியும்வரை கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார்.

எனவே பாட்டில் என்ன இருக்கிறது என்று நான் எழுத வேண்டியதில்லை. நம்மூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு வெடி வைப்பதற்கு முன்னால் ஊதுகிற முதல் சங்கு. எல்லோரும் ஒதுங்கச் சொல்லும் இரண்டாவது சங்கு. பிறகு சத்தமே இல்லாத ஐந்து நொடி. பிறகு வெடி, அதாவது நம் பெண்ணின் இரண்டு கைகள். அதோடு பாட்டு முடிந்துவிடும். சென்னையில் அந்த இடத்தில் பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்களாம்.

செப்டம்பரில் நம்மூர்ப் பள்ளி மைதானத்தில் வாசிக்க வந்தார்கள். உங்களிடம் சொல்லாமல் நானும் போனேன். போகிற எண்ணமே எனக்கு இல்லை. ஆண்டாயி அக்காதான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று, "பெத்தவ வூட்ல உக்காந்து பேப்பர் திருத்துவியாம், நான் மட்டும் போயி கை தட்டணுமாம். எந்திரி கொளஞ்சி" என்று இழுத்துக்கொண்டு போனார். கடைசி வரிசையில், சவுக்குக் கம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். எவ்வளவு கூட்டம் என்று நான் மதிப்பிட்டேன்: ஒரு வரிசையில் அறுபது, எழுபது வரிசை, நிற்பவர்கள் தனி. குறைத்தே சொன்னாலும் ஐயாயிரம். சுரங்கத்தை ஒட்டிய ஊர்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ராக் இசை என்றால் என்ன என்று தெரிந்து வந்தவர்கள் நூறு பேர் இருந்தால் அதிகம்.

நாலைந்து பாட்டு நன்றாகவே போனது. கடைசியாக 'ரெண்டு மணி'. முதல் சங்கு ஒலித்ததும் நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். எனக்கு முன்னால் இருந்த பெண் மடியில் கிடந்த குழந்தையின் காதைப் பொத்தினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலைத் தரையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வரிசை வரிசையாக எல்லோரும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். தினமும் வெடி அதிர்வில் விழாமல் அலமாரித் தம்ளரைப் பிடிக்கிற கைகள் அவை, அங்கே தம்ளர் இல்லை. ஒருவரும் யோசித்துச் செய்யவில்லை. இரண்டாவது சங்குக்குப் பிறகு மைதானத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

அப்புறம் அவள் அடித்தாள். நான் இசை தெரிந்தவள் இல்லை. உட்கார்ந்திருந்த பெஞ்சு என் முதுகுத்தண்டில் அதிர்ந்தது என்று மட்டும் சொல்லத் தெரியும். ஆண்டாயி அக்கா, "அடியாத்தி, அப்பன் வெடி வச்ச கையில்ல!" என்றார்.

அடித்து முடித்துக் குச்சியைத் தூக்கினாள். பாட்டு முடிந்துவிட்டது. ஒருவரும் கை தட்டவில்லை.

ஐயாயிரம் பேர் அப்படியே இருந்தார்கள். மேடையில் அறிவரசன் பாலாஜியைப் பார்த்தான். பாலாஜி, மைக் போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தான். அவர்களுக்குப் புரியவில்லை. ஒருவன் சேலத்துக்காரன், மற்றவன் கும்பகோணம். இலக்கியாவுக்காவது புரிந்திருக்க வேண்டும், அவளுக்கும் அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவில்லை. சொந்த ஊரில் தோற்றுவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். தூக்கிய குச்சியை இறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மேடையோரத் திரையில் தெரிந்த அந்த முகத்தை நான் முன்பு ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், நீங்கள் போனை வைத்த அன்றைக்கு.

ஊர் எதற்காகக் காத்திருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? வெடி வெடித்ததும் இந்தப் பக்கத்தில் யார் எழுந்திருக்கிறார்கள்? வெடிக்காத குழி ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பதற்கு முதலில் உள்ளே போகிற ஆள் வெளியே வந்து, இனி ஒன்றும் இல்லை என்று நீளமாக ஒரு சங்கு ஊத வேண்டும். அதுவரைக்கும் மாடுகூட நகராது. பதினான்கு வருடம் அப்படி உள்ளே போன ஆள் நீங்கள். கல்லூரி வேலை கிடைப்பதற்கு முன்னால் வீட்டில் இருந்த நாட்களிலும், பிறகு விடுமுறை நாட்களிலும், வெடிச் சத்தத்துக்கும் அந்தச் சங்குக்கும் நடுவில் இருக்கும் ஆறேழு நிமிடத்தில் நான் கையில் எந்த வேலையும் எடுத்ததில்லை. இதை உங்களிடம் சொன்னதில்லை. சொல்லும்படியாக இருக்கவில்லை.

அன்றைக்கு மைதானத்தில் யாரோ ஒரு பெண் இரண்டு கைகளையும் வாயில் குவித்து அந்த நீளச் சங்கை ஊதினாள். தொண்டையாலேயே, மூச்சு இருக்கிறவரைக்கும். பக்கத்து வரிசை சேர்ந்துகொண்டது. அதற்கு முன்வரிசை. கடைசியில் மைதானம் முழுவதும் ஒரே சங்கு. அது ஓய்ந்ததும் எழுந்த கைதட்டல் ஐந்து நிமிடமாகியும் நிற்கவில்லை. காது பொத்தியிருந்த குழந்தையை ஒருத்தர் தோள்மேல் தூக்கிக் குதித்தார். பந்தல்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று விசில் அடித்தார். நம் பெண் டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். அழுதிருப்பாள், குனிந்ததால் திரையில் தெரியவில்லை.

அந்த இரண்டு நிமிடக் காட்சியை யாரோ போனில் எடுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே வந்து சேர்ந்திருக்கும். டீக்கடை, கல்யாண மண்டபம், பெரம்பலூர் பஸ் எல்லாவற்றிலும் அந்தப் பாட்டுதான். சினிமாவில் போட ஒரு இயக்குநர் வந்து கேட்டிருக்கிறார். "எங்க கல்லு கிரஷர்லயும் இதே சங்குதான்" என்று கரூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். முடிவே இல்லாத பாட்டு என்று ஜூனில் எழுதிய விமர்சகர், முடிவை மக்களிடம் விட்ட பாட்டு என்று இப்போது எழுதுகிறார். இன்றைக்கு எந்த ஊரில் வாசித்தாலும் கடைசிச் சங்கைக் கூட்டம்தான் ஊதுகிறது. சங்கையே கேட்காத பெங்களூர்ப் பிள்ளைகள் ஊதுகிறார்கள். எங்கள் கல்லூரி முதல்வர், ஆண்டு விழாவுக்கு அவர்களை அழைத்துவர முடியுமா என்று என்னிடம் கேட்கிறார். முன்பு இதே மனிதர், "பொண்ணு என்ன மேடம் பண்ணுது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் போவார். நான் இப்போது அவரிடம், தேதி கிடைப்பது சிரமம் சார் என்கிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

முதல் குரல் யாருடையது என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆண்டாயி அக்கா தன்னுடையது என்று இரண்டு யூடியூப் சேனலுக்குப் பேட்டியே கொடுத்துவிட்டார். சுரங்கத்தில் கல் பொறுக்கிய குரல் என்று அவர்கள் தலைப்பு வைத்தார்கள். அக்கா அங்கே ஒரு நாளும் வேலை பார்க்கவில்லை. நான் மறுக்கவில்லை, அவருக்கு அது பொருத்தமாக இருக்கிறது.

அது நான்தான். வகுப்பில்கூடக் குரலை உயர்த்தாதவள். இலக்கியாவுக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டு உங்களிடம் போனில் சளி என்று சொன்னேனே, அந்தச் சளி இதுதான்.

போன மாதம் அவள் இரண்டு நாள் வந்திருந்தாள். கடைசிச் சங்கை நீ ஏன் பாட்டில் வைக்கவில்லை என்று கேட்டேன். தோசையைப் பிய்த்தபடியே, "வெடிக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியலையேம்மா" என்றாள். பிறகு, "அப்பாவுக்கு மெலடிதான் புடிக்கும், இதெல்லாம் தலவலின்னு சொல்வாரு. வந்தா காதுல வைக்கப் பஞ்சு எடுத்துட்டு வரச் சொல்லு" என்று சிரித்தாள். சீட்டை என் கையில் கொடுக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அவளிடம் மன்னிப்பு கேட்கச் சொல்லி நான் எழுதவில்லை. கேட்க வேண்டியவள் நான், அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன். அந்த வாக்கியத்தை நான்தான் உங்கள் வாயில் வைத்தேன், நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இனி அதைக் காப்பாற்ற வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

சனிக்கிழமை கூடுதல் வேலை இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டால் உங்கள் கம்பெனியில் ஒருவரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஐந்தரைக்கே போய்விடுங்கள். சீட்டில் இருக்கும் வரிசை மேடைக்கு இடதுபக்கம். அவள் டிரம்ஸை இடதுபக்கம் பார்த்துத்தான் போட்டுக்கொள்கிறாள். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம், நீங்கள் பேசத் தெரிந்தவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். முடிந்ததும் கூட்டத்தோடு கிளம்பிவிடாமல் அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள், போதும். அவள் இறங்கி வருவாள்.

அன்று சாப்பிட்டாளா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

என்றும் உங்கள்,
கொளஞ்சியம்மாள்.