குத்தியது முரல் மீன்தான், மச்சான்

மச்சான்,

யாரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று இன்று காலை பெரிய மார்க்கெட்டில் நின்று சத்தியம் செய்தேன். கூடையில் முரல் மீன்கள் ஊசி மூக்கை நீட்டிக்கொண்டு கிடந்தன. அந்த வாடை பட்டதும் என் கை தானாக வயிற்றுக்குப் போனது. மீன்காரம்மா விடவில்லை.

"ஏண்ணே, போன மாசம் செத்துப்போனாரே உங்க கூட்டாளி, அவருதான ஒருக்கா உங்க வயித்துல குத்துனவரு?"

சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். "பனைமர நீளத்துக்கு முரலும்மா! மேகத்தத் தொட்டுட்டு, குறிபாத்து எம்மேல பாஞ்சிச்சி!"

"செத்தவருக்காக மீனு மேல பழி போடாதண்ணே" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முரல் குத்திய அன்று விடியற்காலை, கடலை மேற்பார்வையிட, கடலே இல்லாத சாரம் பகுதியிலிருந்து எழுந்தருளிய சக்கரவர்த்தியாக உன் படகில் நின்றேன். நீ வலை இழுத்தாய். நான் பேட்டரி லைட் பிடித்து ஆட்சி செய்தேன். வெளிச்சத்துக்குத் துள்ளிய முரல் ஒன்று என் விலாவுக்குக் கீழே குத்தி, மூக்கு முறிந்து, மிச்ச உடம்போடு கடலில் விழுந்து போய்விட்டது.

வெளியே தெரிந்தது சட்டைப் பொத்தான் அளவு ஓட்டை. ரத்தம்கூட அதிகமில்லை. குருசுக்குப்பம் கரையில் எல்லோரும் மஞ்சளை அப்பச் சொன்னார்கள். நீ வயிற்றைத் தொட்டுப் பார்த்தாய். "பலகையாட்டம் இருக்கு. ஏறுடா ஆட்டோவுல."

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில், பஸ் கவிழ்ந்து அடிபட்டவர்கள் நிரம்பியிருந்தார்கள். மீன் குத்தியது என்றதும் நர்ஸம்மா, "முள்ளா? அப்பிடி உக்காருங்க, ஊசி போடறோம்" என்று ஓடினார். எனக்குக் கண் இருட்டியது. அப்போதுதான் நீ பிரெஞ்சுக்காரன் பீரங்கியே நாணும்படி முழங்கினாய்.

"மீனு இல்லம்மா! நான்தான் குத்துனேன்! ஐஸ் ஒடைக்கிற ஊசி, ஒரு சாண் நீளம்! மொத்தமும் உள்ள போச்சி!"

ஸ்ட்ரெச்சர் பறந்து வந்தது. கூடவே போலீஸ்காரரும். உன் சட்டையை அவர் பிடித்தபோது, "எங்க வேணா வர்றேன் சார். மொதல்ல அவன் வயித்தத் தொறந்து பாக்கட்டும்" என்றாய். நான் பிழைக்காவிட்டால் அது கொலை வழக்கு என்பது உனக்குத் தெரியாதா என்ன?

காயம் வயிற்றின் உள்சவ்வைத் தாண்டிக் குடல்வரை போயிருப்பதை ஸ்கேன் காட்டியது. வயிற்றைத் திறந்து, ஓட்டையைத் தைத்து, கழுவி, விரல் நீள மீன் மூக்கோடு வெளியே வந்த பெரிய டாக்டர், அதைப் போலீஸ்காரரிடம் நீட்டி, "வெலங்கு மாட்டறதுன்னா இதுக்கு மாட்டுங்க" என்றாராம்.

வீடு திரும்பும் நாளில் ரெக்கார்டு பிரிவு அம்மாள் கம்ப்யூட்டரில் காரணத்தை மாற்ற உட்கார்ந்தார். காயத்துக்கு ஒரு நம்பர், காரணத்துக்கு ஒரு நம்பர். அதுவரை அங்கே நீ என்னைத் தாக்கியவன்.

"சுறான்னு போடுங்க" என்றேன்.

"சுறாவுக்குத் தனி நம்பர் சார். முரலுன்னா 'மற்ற மீன்'தான்."

நீ கொதித்துவிட்டாய். "மத்த மீனா? எங்க மச்சான் கொடலையே பொத்தல் போட்ட மீனும்மா! ஒரு மரியாதை வேணாம்?"

ஆஸ்பத்திரிக் கணக்கில் நீ நிரபராதி ஆனாய். ஊரில்தான் ஆகவில்லை. உன் வாக்குமூலம் அன்றே குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மீன் மூக்கின் சாட்சி இன்றுவரை போகவில்லை. "ஊரு பேசிட்டுப் போவுது. நீ உசுரோட இருக்கல்ல?" என்று முடித்துவிட்டாய்.

நீ முடித்துக்கொள் மச்சான், நான் முடிக்கமாட்டேன். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சட்டையைத் தூக்குவேன். மீன் முழ நீளம்தான், மேகத்தின் பக்கமே போகவில்லை என்பதை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவன், கையில் மீன் செதிலைத் தவிர ஒன்றுமில்லாமல் நின்று, நான் பிழைப்பதற்காக "நான்தான் குத்துனேன்" என்று கத்தினானே, அந்தச் சின்னத் துண்டு மட்டும் சத்தியமான நிஜம். கதையில் அதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.