கேட்காத கேள்விக்கு எழுதிய பதில்

2025 ஆகஸ்ட் 11, திங்கள்
நேற்றுக் காற்றில் தென்னை முறிந்து அடுக்களை மேல் விழுந்தது. ஓடு பாதி போயிற்று. நான் முன்னறையில் இருந்தேன், காயமில்லை. டெனில் பெங்களூரிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டான். வீட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு, பதற வேண்டாம் மகனே என்றேன்.

ஆகஸ்ட் 12
கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில், மூன்று பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். அடுக்களையோடு நிறுத்தவில்லை. 2019இல் பின்சுவர் விரிந்ததையும் 2022இல் குளியலறை ஒழுகியதையும் சேர்த்தேன். இரண்டையும் நானே கொத்தனாரை வைத்துச் சரிசெய்தேன், அதற்கு ஒன்றும் கேட்கவில்லை என்றும் எழுதினேன். பாதியைச் சொல்லி மீதியை மறைப்பதும் பொய்தான் என்று கான்வென்டில் சிஸ்டர் உர்சுலா சொல்வார்.

ஆகஸ்ட் 28
சேதத்தைப் பார்க்கக் கம்பெனி ஆள் வந்தார். ராபின்சன் என்று பெயர். முறிந்த தென்னையை ஒரு படம் எடுத்தார். பின்சுவரை ஏழு படம். அதுதான் பூசியாகிவிட்டதே, எதற்கு என்று கேட்டேன். சாயாவைக் குடித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 19
கடிதம் வந்தது. அடுக்களைக்கு நஷ்டஈடு உண்டு. அடுத்த பத்தியில் — பதினைந்து நாளில் பாலிசி ரத்து. காரணம், மூன்று சேதங்கள்.
மூன்றா? நான் கேட்டது ஒன்றுதானே? நாலு தரம் வாசித்தேன். ஆங்கிலம் புரிகிறது. சங்கதி புரியவில்லை.

செப்டம்பர் 20
ஏஜென்ட் ஜெயதாஸை உதியன்குளங்கரையில் அவன் ஆபீசில் போய்ப் பார்த்தேன். என் கடிதத்தின் நகலை வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.
"மாமி, பாவசங்கீர்த்தனம் கோயில்ல அச்சன்கிட்ட சொன்னா போதும். கம்பெனிக்காரன்கிட்ட எதுக்கு?"
நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டேன். அவன் சிரித்தான். ஒளித்திருந்தால் பாலிசி இருந்திருக்கும், சொன்னதால் போயிற்று. இது என்ன நியாயம்? நான் எங்கே தவறினேன்? ஒண்ணும் விளங்கல்ல.

செப்டம்பர் 21
டெனிலிடம் சொல்லிவிட்டேன். கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு, "இன்சூரன்ஸ் இல்லாத வீட்ல அம்மா ஒத்தைக்கு நிக்கண்டாம். வேற கம்பெனியில கிட்டுமாண்ணு பாருங்க. இல்லேண்ணா நான் வீட்டை விக்க ஆளு பாக்கேன், இங்க வந்திருங்க."
கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயம். டெனிலின் அப்பா இறந்தபின் ஒன்பது வருடம் இந்த வீட்டை ஒருத்தியாக நடத்தியிருக்கிறேன். எட்டாம் மாடியில், மகன் வீட்டில், நான் யார்?

அக்டோபர் 13
ஜெயதாஸ் ஃபோனோடு வந்தான். வேறு கம்பெனியின் விண்ணப்பம். இதற்குமுன் பாலிசி ரத்தானதுண்டா என்று ஒரு கேள்வி. உண்டு, இல்லை — இரண்டே கட்டம். விளக்கம் எழுத இடம் எங்கே என்றேன். இடமில்லையாம்.
"இல்லைண்ணு ஒரு குத்து குத்துங்க மாமி. நான் அங்கோட்டு திரும்பி நிக்கேன்."
உண்டு என்பதைத் தொட்டேன்.

அக்டோபர் 14
மறுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 22
இன்னொரு கம்பெனி. அதுவும் அப்படியே. இனி விண்ணப்பிக்கத் தன்னிடம் வேறு கம்பெனி இல்லை என்கிறான் ஜெயதாஸ்.

அக்டோபர் 30
டெனில் கூப்பிட்டான். புதுப் பாலிசி ஆயிற்றா என்று கேட்டான்.
"ஆச்சு மக்கா."
எப்படி வந்தது அந்தச் சொல்? நான் யோசிக்கக்கூட இல்லை. அப்படியானால் சரி, வீட்டைப் பார்க்க வருகிற ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றான். குரல் தெளிந்திருந்தது. காகிதத்தை அனுப்பச் சொல்லவில்லை. அம்மா சொன்னால் அவனுக்குப் போதும்.

நவம்பர் 2, ஞாயிறு
கல்லறைத் திருநாள். அவருக்காகப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வேண்டிய நாள். பாவத்தை அச்சனிடம் சொல்லாமல் அதை வாங்கக்கூடாது. வரிசை நகர்ந்தது, நான் பெஞ்சிலேயே இருந்தேன். வாங்கிவிட்டுத் திரும்பிய அடுத்த வீட்டு ஷிஜா, சுகமில்லையா மாமி என்று காதருகில் கேட்டாள்.
வயிறு சரியில்லை என்றேன்.