சீராக வந்த டிரெஸ்ஸிங் டேபிள்

ஆவணி 12, புதன்.

பிரிவது என்று பேசி முடித்தாயிற்று. கல்யாணத்துக்குக் கொடுத்த சீரைத் திருப்பி எடுத்துப்போக, சுமதி இன்று இண்டூர் தாய்வீட்டிலிருந்து அவள் அண்ணனோடு டெம்போவில் வந்தாள். கட்டில், பீரோ, அண்டா எல்லாம் ஏறின. கடைசியாக டிரெஸ்ஸிங் டேபிள்.

அவள் தாய்வீட்டில் இருந்த மூன்று மாதமும் அதற்குள் கம்ப்யூட்டரைப் பொருத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடி இருந்த இடத்தில் மானிட்டர். வளையல் டிராயருக்குள் மதர்போர்டு. பின்பலகையில் ஃபேனுக்கு ஓட்டை. திரும்பி வந்தால் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாள் என்று நினைத்தேன்.

டிராயரைத் திறந்தவள் அப்படியே நின்றாள். “எங்கப்பா தேக்குல செஞ்சு குடுத்ததுங்க.”

“உனக்காகத்தான் சுமதி” என்றேன்.

“எனக்குன்னு செஞ்சதெல்லாம் என்னைக் கேக்காமதானுங்க செஞ்சீங்க.”

“வுடும்மா, இது இங்கயே கெடக்கட்டும்” என்றார் அண்ணன்.

டெம்போ போய்விட்டது. அவள் உயரத்துக்கு வாகாக இருக்கட்டும் என்று மேஜைக் கால்களை மூன்று அங்குலம் அறுத்திருந்தேன். அதை அவள் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. இதை அந்த மேஜையில் வைத்துத்தான் எழுதுகிறேன். முழங்கால் இடித்துக்கொண்டே இருக்கிறது.