பாதி உப்பு, இரண்டு கரண்டி

ராயபுரம்,
புதன்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மகள் பெனிஷாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம்தான், ஆனால் நேர்வழியில் வந்த சுகம் இல்லை, ஆஸ்பத்திரி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்த சுகம். பதறாதே, அப்பா இப்போது கீழே கடையில் உட்கார்ந்து பருப்பு மூட்டை இறக்குகிறவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார், அவர் திட்டினால் உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தம். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், உன்னோடு பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் உடம்பைப் பற்றி நீ கேட்பதற்கெல்லாம் எனக்கு முந்திப் பதில் சொல்லிவிடுகிறார். அவர் பதிலின்படி அவருக்கு வியாதியே கிடையாது.

சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று போன வருஷம் சர்க்கரை டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அப்பா உப்பைக் குறைக்கவில்லை, உப்பைப் பற்றிப் பேசுவதைக் கூட்டினார். நம் சர்ச்சில் சனிக்கிழமை சாயங்காலம் மூத்தோர் ஐக்கியம் என்று ஒன்று கூடுகிறதே, அதற்கு இப்போது அவர்தான் தலைவர். முன்பு அங்கே வேதம் வாசித்து டீ குடித்துக் கலைவார்கள், இப்போது அவரவர் ரத்தச் சோதனைச் சீட்டில் உள்ள கிரியேட்டினினை வாசிக்கிறார்கள். ஒருவர் ஒன்று புள்ளி நாலுக்கு இறங்கிவிட்டது என்று எழுந்து சாட்சி சொன்னால் அடுத்த நாற்காலிக்காரர் முகம் வாடிப்போகிறது, உன் பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட் கொடுத்த நாளில்கூட இத்தனை பொறாமையை நான் பார்த்ததில்லை. ஹென்றி வாத்தியார் வாழைத்தண்டுச் சாறு கட்சி. இன்னொரு வரிசை முழுக்க இளநீர்க் கட்சி. முருங்கைக்கீரை சூப்புக்குத் தனிக் கூட்டம். அப்பா தலைவர் ஆயிற்றே, யார் மனமும் நோகக் கூடாது என்று எல்லாக் கட்சியிலும் சேர்ந்தார். காலையில் தண்டுச் சாறு, வெயில் ஏறினால் இளநீர், சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வாழைப்பழம், ராத்திரி சூப்பு. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போமே என்றேன். டாக்டருக்கு மருந்துதான் தெரியும், சாப்பாடு தெரியாது என்றார்.

அந்த நேரம் பார்த்து சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று கடைக்கு வந்தது. பச்சைப் பொட்டலம், மேலே ஒரு இதயப் படம். அப்பா முதலில் ஒரு பெட்டி இறக்கினார், பிறகு வாரம் தவறாமல் இறக்கினார், ஐக்கியத்தில் எழுந்து ஆயர் பிரசங்கத்தைவிட நீளமாக அதைப் பற்றிப் பேசினார். அப்பாவின் சிநேகிதர் நோயல் மாமாவுக்கும் சிறுநீரகம் பழுதுதானே, முதல் ஆளாக வாங்கியது அவர்தான். அப்பா பகல் என்றால் ராத்திரி என்று எதிர்த்துப் பேசுகிற மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு போனார். நம் வீட்டிலும் அந்த உப்புதான் என்று சட்டம் வந்தது. குழம்பில் போட்டால் ருசி ஏறவில்லை. அதற்கு அப்பா வியாபாரி மூளையால் ஒரு கணக்குப் போட்டார். தண்ணீர் கலந்த பால் மாதிரி இது பாதி உப்பு, ஆகையால் இரண்டு கரண்டி போட்டால்தான் ஒரு கரண்டிக்குச் சமம், உடம்புக்கும் கெடுதல் இல்லை என்றார். நான் ஒரு கரண்டிக்கு மேல் போட மாட்டேன் என்று நின்றேன், அவர் டப்பாவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீதியைத் தானே போட்டுக்கொண்டார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்று பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. இத்தனை வருஷ வியாபாரத்தில் எடை, விலை, காலாவதித் தேதி தவிர வேறெதையும் வாசித்தறியாத மனிதர் அதை எங்கே வாசிக்கப் போகிறார்.

போன மாதம் ஒரு நாள் கல்லாவிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார், கால் வரவில்லை. நெஞ்சு விட்டு விட்டு அடித்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதும், படுத்த படுக்கையிலும் ஐக்கியத்தில் பேசுகிற தோரணையில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த அம்மா குறித்துக்கொண்டே வந்தவர் உப்புக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டார். அந்த உப்பில் பாதி சோடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தைப் போட்டிருக்கிறார்களாம். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் மிஞ்சியதை வெளியே தள்ளிவிடுவார்கள், அப்பாவுடையது தள்ளாது, அவர் போடுகிற பிரஷர் மாத்திரை வேறு அதைப் பிடித்து வைக்குமாம். தண்டு, இளநீர், பழம், கீரை என்று அவர் சேர்ந்த கட்சி எல்லாவற்றிலும் அதேதான். ரத்தத்தில் பொட்டாசியம் ஐந்தைத் தாண்டக் கூடாத இடத்தில் ஏழு இருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டரம்மா. ஊசி ஏற்ற வந்த வியாசர்பாடி நர்ஸ் மலர்க்கொடிதான் என்னைச் சிரிக்க வைத்தாள். “இன்னா நைனா, உப்ப கொறைக்கச் சொன்னா டபுளா துன்னுட்டு வந்துகீறியே” என்று கேட்டாள், அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உனக்குச் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினார், கோபப்படாதே.

வீட்டுக்கு வந்தும் புத்தி வந்ததா என்றால் இல்லை. காய்கறியை நிறையத் தண்ணீரில் வேக வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், பொட்டாசியம் அதில்தான் இறங்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் நாளே நான் வடித்து வைத்த தண்ணீரில் மிளகுத்தூள் போட்டுக் குடிக்கப் போனார், சத்து வீணாகிறதாம். பிடுங்கிக் கொட்டினேன். அதுகூடப் பரவாயில்லை. அவர் பேச்சைக் கேட்டு அந்த உப்பைச் சாப்பிடுகிறவர்களிடம், முக்கியமாக நோயல் மாமாவிடம், உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சொல்கிறேன் சொல்கிறேன் என்றார். போன சனிக்கிழமை ஐக்கியத்தில் கஞ்சி போட்ட சட்டையோடு எழுந்து நின்று, கர்த்தர் தன்னை ஒரு பெரிய அஜீரணத்திலிருந்து விடுவித்தார் என்று சாட்சி சொன்னார். முதல் வரிசையில் இருந்த நோயல் மாமா ஆமென் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடைப் பெயரும் தலைவர் பதவியும் ஒரு மனிதர் உயிரைவிடப் பெரிதா என்று வீட்டுக்கு வந்து கேட்டேன், அவர் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, ஆராதனை முடிந்து கடைக்கு என்று போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார்.

திங்கட்கிழமை நானே திருவொற்றியூருக்கு ஆட்டோ ஏறினேன். நோயல் மாமா வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது, எனக்கே மூச்சு வாங்கியது. மாமாவின் மனைவி அடைக்கலமேரி அக்கா கதவைத் திறந்ததும் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா முந்தின நாளே வந்து போயிருக்கிறார். அந்தத் தளர்ந்த காலை வைத்துக்கொண்டு வழியில் இரண்டு தடவை படியில் உட்கார்ந்து ஏறியிருக்கிறார். நேரே அடுப்படிக்குப் போய் உப்பு டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்து, தனக்கு வந்தது அஜீரணம் இல்லை என்று எல்லாவற்றையும் சொல்லி, மாமாவைக் கையோடு இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி லேபுக்குப் போயிருக்கிறார். மாமாவுக்குப் பொட்டாசியம் ஆறைத் தொட்டிருந்ததாம். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். போகிற வழியில் ஆட்டோவில் அப்பா அழுதாராம். “லே நோயலு, எம் பேச்சக் கேட்டு நீ போய்ச் சேந்தேன்னா, நான் யாருகிட்டலே சண்டை போடுவேன்” என்று சொல்லிச் சொல்லி அழுதாராம். மாமாவைத் திரும்ப வீட்டில் விட்டு, அந்த உப்பு வாங்கிய இன்னும் மூன்று வீடு ஏறி இறங்கிவிட்டுத்தான் அன்றைக்கு வந்திருக்கிறார்.

எனக்குத் தெரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை. மத்தியானம் சோற்றைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. உங்கள் இருவரையும் கர்த்தர் தம் செட்டைகளின் கீழ் வைத்துக் காப்பாராக, உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். மறக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய், நோயல் மாமா எப்படி இருக்கிறார் என்று அப்பாவிடம் கேள். கொஞ்ச நேரம் சத்தமே வராது. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

உன் அம்மா,
சுகிர்தம் சாலமோன்