மூடிய இலைக்குள் ஒரு பாதுஷா

என் செல்ல வசந்தி அக்கா,

செங்கல்பட்டில் மாமா பேத்திக்குக் கல்யாணம். புதுப்பட்டினத்தில் பஸ் ஏறுமுன், நாம் எப்போதும் செய்வதுபோல, வீட்டிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். குண்டுப் பெண் பந்தியில் மறுசோறு கேட்டால் ஊர்க்கண்ணெல்லாம் அவள் இலையில்தானே? மாரடைப்பில் நீ போன பிறகு அந்த இட்லியைத் தனியாகத் தின்கிறேன்.

பக்கத்து இலையில் நம் அண்ணி. நம்மைப் போலவே பருமனாக இருந்தவள், பாதியாகிவிட்டாள். அவள் இடுப்பைப் பார்த்துக்கூட எனக்கு அவ்வளவு வயிறு எரியவில்லை. இலையை மூடினாளே, உள்ளே முழுப் பாதுஷா! பாதுஷாவை எப்படி அக்கா ஒருத்தி மறப்பாள்?

மாமா அதைப் பார்த்துவிட்டார். "மன்சு வச்சா ஆவாதது இன்னா கீது? நம்ம வசந்திக்கு அந்த மன்சு இல்ல, தின்னே பூட்டா" என்றார், பந்திக்கே கேட்கும்படி. அண்ணி சிரித்துக்கொண்டாள்.

கை கழுவுமிடத்தில் அவளைப் பிடித்தேன். "எப்டி அண்ணி அடக்குறீங்க?"

"பசிச்சாத்தானே மல்லிகா அடக்க? வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கினு கீறேன். வெளில சொன்னா அசிங்கம்."

அவளுடைய டாக்டரிடமே போனேன். அந்த மருந்து மூளையிடம் 'போதும்' என்று சொல்லுமாம், இரைப்பை மெதுவாகக் காலியாகுமாம். குமட்டல் வரலாம், நிறுத்தினால் பசி திரும்பிவிடலாம். உன் பட்டினிகளைச் சொன்னேன். பட்டினி கிடக்கக் கிடக்க உடம்பு செலவைச் சுருக்கிக்கொண்டு பசியைக் கூட்டுமாம். மோரை மட்டும் குடித்து விரதம் இருந்து நீ குறைத்த எடை திரும்பத் திரும்ப ஏறியது அதனால்தானா?

"உங்க அக்கா மேல தப்பு இல்லம்மா" என்றார். எனக்கு அழுகை வந்தது. உன் காதில் விழ வேண்டிய வார்த்தை அது. உனக்குக் கிடைக்க வேண்டிய ஊசி அண்ணிக்குக் கிடைத்தது, இனி எனக்கும். இப்போது என் மேலேயே எனக்குப் பொறாமை.

வெள்ளிக்கிழமை முதல் ஊசி. நான் இளைத்தால் மாமா என்னையும் மெச்சுவார். எனக்கு அது பிடிக்கும் அக்கா, இப்போதே ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள மாட்டேன். நிறைந்த பந்தியில் எழுந்து நின்று சொல்வேன்: "எனக்கு ஊசி மாமா. ஊசி இல்லாம அத்தன பசியையும் தாங்கிக்கினு இருந்தவ வசந்தி."

இன்னும் பசியோடிருக்கும் உன் தங்கை,
மல்லிகா