நிமிர்த்திவிட்ட தகடு

தாராவி,
சனிக்கிழமை

அன்பு மகன் மகேஷ்குமாருக்கு அப்பா நெல்லையப்பன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், சான்பாடாவில் உன் அக்கா கீதாவும் பிள்ளையும் சுகம், அந்த துபாய் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க முப்பிடாதி அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், அதனால் பெரிது பெரிதாக எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ எல்லாவற்றுக்கும் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுகிறாய், எனக்கும் நாக்கு எழவில்லை. முதல் மழைக்கே பட்டறைக் கூரை ஒழுகி, தார்ப்பாய் போட்டாயிற்று. மாட்டுங்கா ஹோட்டல் ஒன்றுக்குப் பாத்திரம் கழுவும் தொட்டி செய்துகொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. இப்போது அந்த வாயில் அகப்பட்டிருப்பவன் நான்தான், காரணம் நீ ஓட்டும் படகின் தகடு.

உன் அறையில் இருந்து உன் படகிலேயே வேலை செய்யும் சாஹில் போன வாரம் அம்மாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். "நான் சொன்னேன்னு மகேஷ்கிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி, லஃபடா ஆயிடும், சண்டைக்கு வருவான்" என்றானாம். அவனைத் திட்டாதே, நீ சாப்பிடாமல் படுப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் சொன்னான். படகின் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் தகடுகளில் இடப்பக்கத்தது படகுத்துறையில் மோதிக் கீல் விட்டுப்போனதென்று, அவன் லீவில் வந்தபோது கொடுத்து அனுப்பினாய். புதுசு வர ஆறு வாரம் ஆகும், கீலுக்கு மட்டும் வெல்டிங் வைத்துக் கொடுங்கள் என்றுதான் கேட்டிருந்தாய். வைத்தேன். அதோடு விட்டேனா? பின் விளிம்பு இரண்டு விரல் அகலத்துக்குக் கீழே வளைந்திருந்தது. அதுவும் மோதினதில் வளைந்ததென்று நினைத்து, மரச்சுத்தியலால் தட்டி, ஸ்கேல் வைத்துப் பார்த்து, மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியாமல் நிமிர்த்தி, பாலிஷும் போட்டு அனுப்பினேன். முப்பது வருடமாகத் தகட்டில் வளைவைக் கண்டால் என் கை சும்மா இருப்பதில்லை. பெருமையாக வேறு இருந்தது.

அந்த வளைவில்தான் விஷயமே இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. இடப்பக்கத் தகட்டை இறக்கினால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் ஒதுங்கிப் போய்த் தாமதமாக வந்து சேருமாம், அதனால் வலப்பக்கம் அலை சுத்தமாக எழும்பி, பலகையில் நிற்கிறவர்கள் கயிற்றை விட்டுவிட்டு அதிலேயே சறுக்குவார்களாம். என் தகட்டை எவ்வளவு இறக்கினாலும் அலை நுரையாக உடைந்துபோகிறது. சாஹில் அனுப்பிய வீடியோவைப் பத்துத் தடவை பார்த்தேன். அப்படியும் மனசு கேட்காமல், ஹோட்டல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு தகட்டுத் துண்டை நேராகவும் இன்னொன்றை விளிம்பு வளைத்தும் இழுத்துப் பார்த்தேன். வளைத்த துண்டுதான் தண்ணீரை ஒதுக்கித் தள்ளியது. "காலையில ரெண்டு மணி நேரம் வார தண்ணிய இப்படி வெளையாடித் தீக்குதியளே, புள்ள பொழப்புல வெளையாண்டது பத்தாதா" என்று அம்மா கேட்டாள்.

இதைவிட என்னைச் சுட்டது வேறு. முதலாளி கேட்டபோது, 'நானே தெரியாமல் நிமிர்த்திவிட்டேன்' என்று பழியை உன் தலையில் போட்டுச் சொன்னாயாமே. இந்த மாதத்துக்குள் அலை சரியாகாவிட்டால் படகை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று அவர் சொன்ன பிறகும் அதையே சொன்னாயாம். படகோட்டும் லைசென்ஸ் எடுக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அப்பாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதான் செய்திருக்கிறாய், அது புரியாமல் இல்லை. ஆனால் என் தப்பை நீ சுமந்தால் எனக்குச் சோறு இறங்குமா மகேஷ்?

புதுத் தகடு செய்துவிட்டேன். வலப்பக்கத் தகட்டில் அட்டையை வைத்து வளைவை வரைந்து, பக்கத்தில் ஸ்கேலும் வைத்து சாஹில் படம் அனுப்பினான். அதே கனம், அதே வளைவு. பாலிஷ் போடக் கை அரித்தது, போடவில்லை. அடுத்த சந்து நூர் நிஷா லீவு முடிந்து திங்கட்கிழமை துபாய் திரும்புகிறாள், அவளிடம் தகட்டையும் இந்தக் கடிதத்தையும் கொடுக்கிறேன். பழைய துணியில் சுற்றியிருக்கிறது, ஓரம் கையைக் கிழிக்கும், பார்த்துப் பிரி. ஆள் ஏற்றுவதற்கு முன்னால் நீ ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள். சரியில்லை என்றால் கூச்சப்படாமல் அளவு சொல், இன்னொன்று அடிக்கிறேன்.

போன தடவை, வெளிநாட்டுச் சாமான், அதில் நம் பட்டறை முத்திரை வேண்டாம் என்றாய், அடிக்கவில்லை. கொஞ்சம் வருத்தம்தான், சொல்லவில்லை. இந்தத் தடவை உன்னைக் கேட்காமலே மேல்பக்கத்தில், கண்ணில் படுகிற மாதிரி, 'நெ' என்று ஆழமாக அடித்திருக்கிறேன். முதலாளியிடம் அதைக் காட்டி, பழையதைக் கெடுத்ததும் இவர்தான், புதுசைச் செய்ததும் இவர்தான், என் அப்பா என்று சொல்லு.

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. நீ நன்றாக இருப்பாய், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. முத்திரையைக் காட்ட மறக்காதே. அவர் என்ன சொன்னாலும் அம்மாவிடம் சொல்லி அனுப்பாமல் என்னிடமே சொல்.

இப்படிக்கு,
தகட்டை நிமிர்த்திய உன் அப்பா,
நெல்லையப்பன்